இரண்டு பானைக் கூழ்

அடி அண்ணாமலையில் தருமன் வீட்டில் இரண்டு அடுப்புகள் எரியத் தொடங்கியபோது அவர் மகள் கஸ்தூரிக்கு ஒன்பது வயது. உள்ளே இருந்த மண்ணடுப்பில் அத்தை வெள்ளையம்மாள் சமைத்தாள். கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் மூன்று கல்லைக் கூட்டி அம்மா சந்திரம்மாள் சமைத்தாள். கஸ்தூரி இரண்டு இடத்திலும் சாப்பிட்டாள். இரண்டு இடத்திலும் சாப்பிட்டது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

அம்மா அப்படிக் கொல்லைக்குப் போன கதை ஐம்பத்திரண்டாம் வருஷத்தில் தொடங்கியது. சந்திரம்மாளுக்கு ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். அவள் கண் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. வெள்ளையம்மாள் தருமனின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். தம்பியை வளர்த்தவளே அவள்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வந்து நான் பாத்ததில்லடா" என்றாள்.

தருமன் அக்காவின் பேச்சைத் தட்டியது அந்த ஒரு தடவைதான். வண்டியில் வைக்கோலைப் பரப்பி மனைவியைக் கிடத்தி, டவுனில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். மழைக்காலம் முழுக்க அவள் அங்கே கிடந்தாள். பிழைத்துத் திரும்பினாள். ஆனால் திரும்பி வந்தவளின் நெற்றியில் பொட்டு இல்லை.

"அங்க ஒரு நர்சம்மா தெனமும் என் தலைமாட்டுல முட்டி போட்டு வேண்டிக்குவாங்க" என்று அவள் புருஷனிடம் சொன்னாள். "என் பேரச் சொல்லி வேண்டிக்குவாங்க. சந்திரம்மாளுக்கு சொகம் குடுன்னு. நம்ம வூட்ல எல்லாரும் எனக்காக வேண்டிக்கினீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா என் பேரச் சொல்லி யாரும் வேண்டிக்கினத நான் கேட்டதில்ல."

மறு வருஷம் அவள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். மார்த்தாள் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தாலியை அவள் கழற்றவில்லை. புருஷனை விட்டுப் போகவும் நினைக்கவில்லை. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சாமிக்குப் படைச்சத மட்டும் நான் துன்னமாட்டேன்."

அந்த ஒன்றுதான் அந்த வீட்டில் முடியாத காரியமாக இருந்தது. வெள்ளையம்மாள் சோறு வடித்தால் முதல் கைப்பிடியை விளக்குக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டி, காக்கைக்குப் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள். வெள்ளிக்கிழமை என்றில்லை, தினமும். படைக்காத சோற்றைத் தம்பி வாயில் வைக்க அவள் விட்டதே இல்லை. "புருஷன் இருந்தும் நெத்தியில பொட்டு வெக்காதவ கையால என் தம்பி துன்னக்கூடாது" என்று அவள் சொன்னபோது தருமன் தலையைக் குனிந்துகொண்டு கைகழுவப் போய்விட்டார். மறுநாள் சந்திரம்மாள் கொல்லையில் கல்லைக் கூட்டினாள்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் தீர்ந்திருக்கும் என்று கஸ்தூரிக்குப் பின்னாளில் தோன்றியதுண்டு. தனித்தனியாகச் சாப்பிடத் தொடங்கியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையும் நிறுத்திவிட்டார்கள். "மாட்டுக்குத் தவுடு தீந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா, அப்பா எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். "நாளைக்கு வாங்கியாரேன்னு சொல்லு" என்பார் அவர். ஒன்பது வயதுப் பெண் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவாள்.

அடுத்த வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அத்தையின் மணிக்கட்டு உடைந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள். சமையல் கஸ்தூரியின் கைக்கு வந்தது. அவள் கையை யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். நெற்றியில் பொட்டும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சர்ச் வாசல் வரைக்கும் போன கால்களும் உண்டு. தான் ஒருத்தியே எல்லாருக்கும் பொங்கினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மாவிடம் போய்க் கேட்டாள். "படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு எடுத்து வெச்சுட்டா துன்னுவியாம்மா?"

சந்திரம்மாள் யோசித்தாள். "முன்னாடி எடுத்தா தப்பில்ல. துன்னுவேன்."

ஓடிப்போய் அத்தையிடம் சொன்னாள். வெள்ளையம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "சாமிக்கு முன்னாடி ஒருத்தருக்கு எடுத்துட்டா மிச்சம் எச்சில்டி. எச்சில சாமிக்குக் காட்டச் சொல்றியா?"

எடுத்த பிறகு வைத்தால் அத்தைக்கு ஆகாது. வைத்த பிறகு எடுத்தால் அம்மாவுக்கு ஆகாது. கஸ்தூரி இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு சுற்றினாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே முறத்தில் புடைத்த அரிசி, ஒரே உரலில் இடித்த மிளகாய், ஒரே அடுப்பு நெருப்பு, ஆனால் இரண்டு பானை, இரண்டு சட்டி. ஒன்று விளக்குக்கு முன்னால் போகும். மற்றது நேராகக் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போகும். அத்தையால் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவாலும் முடியவில்லை. விறகு ஜாஸ்தி செலவாகிறது என்று மட்டும் அத்தை முணுமுணுத்தாள்.

அன்று சாயங்காலம் கத்திரிக்காய்க் குழம்பு. அப்பா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தார். அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறிவிட்டு, நடுவாசல்படியில் கஸ்தூரி தட்டை வைத்துக்கொண்டாள்.

நாலு வாய் போனதும் அப்பா சொன்னார், "உப்பு கம்மி."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நானும் அதான் நெனச்சேன்."

கஸ்தூரி உப்பு மரவையை எடுத்துக்கொண்டு முதலில் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் படியிலேயே நின்றாள்.

அதிலிருந்து ஒரு பத்து மாதம் அந்த வீட்டில் பேச்சு திரும்பி வந்தது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். முகம் பார்த்தல்ல. "வேர்க்கடலை புடுங்க ஆள் கெடைக்கல" என்று அப்பா தட்டைப் பார்த்துச் சொல்லுவார். "நான் வரேன்" என்று அம்மா சொல்லுவாள். மறுநாள் இரண்டு பேரும் ஒரே நிலத்தில் இரண்டு கோடியில் குனிந்து கடலை பிடுங்குவார்கள். கஸ்தூரி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் இரண்டு பானை, சாயங்காலம் இரண்டு பானை என்றால் பள்ளிக்கூடத்துக்கு நேரமில்லை. அத்தையின் கை கூடிய பிறகும் அவள் அடுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. தான் எழுந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற பயம் அவளுக்கு.

ஆடி மாதம் வந்தது. ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் முதல் பானை தருமன் வீட்டுப் பானை. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அப்படி. அந்தப் பானையை அம்மன் முன்னால் இறக்கி, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிப் படைத்த பிறகுதான் மற்ற வீட்டுப் பானைகள் வரும். தருமனுக்குப் பெரிய நிலம் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் பேசுகிற ஆளும் இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மேளம் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

கூழ் ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சந்திரம்மாள் டவுனுக்கு நடந்து சர்ச்சுக்குப் போகிற நாள். கூழுக்குக் கை கொடுக்கமாட்டேன் என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் கூழ் என்றால் அவளுக்கு உயிர். அதனால் கஸ்தூரி அன்றைக்கும் இரண்டு பானை வைத்தாள். குயவரிடம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் புதுப்பானை இரண்டு வாங்கி வந்தாள். ஒன்றில் அத்தை அரைத்துக் கொடுத்த கேழ்வரகு மாவு. இன்னொன்றில் அம்மா தன் கையால் திருகையில் அரைத்துக் கொடுத்த மாவு. முந்தின நாளே இரண்டையும் கரைத்துப் புளிக்கவைத்தாள். இரண்டாவது யாருக்கு என்று அத்தையிடமோ அப்பாவிடமோ அவள் சொல்லவில்லை. விடியலில் நொய்யை வேகவிட்டு மாவை ஊற்றித் துடுப்பால் கிளறினாள். பதினோரு வயதுக் கை. இரண்டு பானை கிளறி முடித்தபோது தோள் மரத்துப்போயிருந்தது.

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. தருமன் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு உள்ளே வந்து கோயில் பானையைத் தூக்கினார். அடியில் விரிசல். கூழ் அவர் மார்பில் வழிந்தது. வெளியே மேளக்காரர்கள் அடியை வேகப்படுத்தினார்கள். வெள்ளையம்மாள் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். மூலையில் நிறைய நிறைய இன்னொரு பானை இருந்தது.

"மகராசி, ஜாஸ்தியாவே காச்சி வெச்சிருக்கா பாரு. அத எடுடா."

கஸ்தூரி வாயைத் திறந்தாள். அது அம்மாவின் பானை. சொன்னால் அப்பா வெறுங்கையோடு வாசலில் நிற்கவேண்டும். ஊரே பார்க்கும். அவர் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். அவ்வளவுதான். பானை போய்விட்டது.

படைத்து, ஊருக்கு ஊற்றி, மிச்சத்தோடு பானை திரும்பி வந்தது. கஸ்தூரி வேப்பிலையை அவிழ்த்து, மஞ்சளைத் தேய்த்துக் கழுவி, தாழ்வாரத்தில் வழக்கமான இடத்தில் வைத்தாள். உச்சி வெயிலில் நடந்து வந்த சந்திரம்மாள் முகத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள்.

"என் கூழா?"

"ஆமாம்மா."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு குடித்தாள். இரண்டாவது சொம்பின் அடியில் ஏதோ உதட்டில் தட்டியது. எடுத்துப் பார்த்தாள். ஒரு வேப்பிலை.

"கோயிலுக்குப் போச்சா இது?"

"அந்தப் பானை ஒழுகிடுச்சும்மா. அத்தை இத எடுத்துட்டாங்க. நீ அவ்ளோ தூரம் நடந்து பசியோட வருவியேன்னு..."

சந்திரம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. "தெரியாம துன்னதுக்கு என் சாமி ஒண்ணும் சொல்லாது. ஆனா நீ தெரிஞ்சு குடுத்தியே கண்ணு. இனிமே நீ எது போட்டாலும் கேட்டுட்டுதான் துன்னணும். பெத்த பொண்ணக் கேட்டுக் கேட்டுத் துன்னா அது எப்படி எறங்கும் எனக்கு?"

உள்ளேயிருந்து வெள்ளையம்மாள் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முகமே வெளுத்துவிட்டது. "அப்போ ஆத்தா முன்னாடி வெச்சது இவளுக்குன்னு காச்சினதா? இவ அரைச்ச மாவா?"

அவள் கெட்டவள் இல்லை. பயந்துவிட்டாள். அந்த வாரமே கஸ்தூரிக்குக் காய்ச்சல் கண்டது. அலைச்சலில் வந்த சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கவேண்டும். பாயின் ஒரு பக்கம் அத்தை உட்கார்ந்து நெற்றியில் திருநீறு பூசினாள். இன்னொரு பக்கம் அம்மா முட்டி போட்டு, "கஸ்தூரிக்கு சொகம் குடு" என்று முணுமுணுத்தாள். நடுவில் படுத்திருந்த பெண்ணுக்கு இரண்டு குரலும் கேட்டது. எழுந்து இரண்டு பேருக்கும் கஞ்சி வைக்கவேண்டும் என்று நினைத்தாள். எழ முடியவில்லை. மூன்றாம் நாள் வெள்ளையம்மாள் பொறுக்கமாட்டாமல் கோயிலுக்குப் போய், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நடந்ததைச் சொல்லித் தேங்காய் உடைத்து அழுதாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. காய்ச்சல் இறங்கியது. ஊரில் கூடிப் பேசி, அடுத்த வருஷத்திலிருந்து முதல் பானை வேறு வீட்டுக்கு என்று முடிவு செய்தார்கள்.

தருமன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கஸ்தூரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார், நிலத்துக்குப் போனார், வந்தார். சுவருக்கு இரண்டு பக்கமும் மறுபடி பேச்சு நின்றுபோனது.

சந்திரம்மாள் கொல்லையில் தனியாகச் சமைக்க ஆரம்பித்தாள். கஸ்தூரி கொண்டுபோய் வைத்த சோற்றை வாங்கி, தலையைத் தடவி, மாட்டுக்கு வைத்துவிடுவாள். கார்த்திகைக்கு முன்னால் ஒருநாள், டவுனில் மிஷன் போர்டிங்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா வேலை இருக்கிறதென்று சொன்னாள். "நான் இங்க இருந்தா இவங்களுக்கு இன்னும் இன்னான்னா போவுமோ."

"நான் இனிமே பொய் சொல்லமாட்டேம்மா" என்றாள் கஸ்தூரி.

"நீ சொன்னது பொய்யில்லடி. எனக்கு நீ வேற இன்னா பதில் சொல்லியிருக்க முடியும்?" என்றாள் அம்மா. ஆனால் துணிகளை மடித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டவுன் வரைக்கும் அவள் தகரப்பெட்டியைத் தருமன்தான் சுமந்துகொண்டு போனார். அவர் முன்னால், அம்மா பின்னால், நடுவில் கஸ்தூரி. போர்டிங் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தார். மிஷன் கட்டடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தானே இட்டுகினு வந்தேன்" என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுத்த எட்டு ஒன்பது வருஷம் கஸ்தூரி ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவைப் பார்க்கப் போனாள். சமைத்தது எதையும் அவள் கொண்டுபோகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாசல் ஓரத்தில் ஒரு பை இருக்கும். கத்திரிக்காய், அவரை, கடலை வந்த பருவத்தில் பச்சைக் கடலை. அப்பா வைத்ததுதான். யாருக்கென்று அவர் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. அம்மா பையை வாங்கிக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். "இந்த வருஷம் கெணத்துல தண்ணி கம்மியா?" என்று கேட்பாள், காயைப் பார்த்தே. அதை வீட்டில் வந்து சொன்னால் அப்பா தலையாட்டுவார். கஸ்தூரிக்கு வரன்கள் வந்தன. பெண்ணின் அம்மா எங்கே என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் சந்திரம்மாளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியது எதுவும் மீதமில்லை. கடைசி மாதம் கஸ்தூரி கூடவே இருந்தாள். ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். அம்மா ஒரு தடவைகூட இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்கும் தெம்பு இல்லாததாலா, கேட்கவேண்டாம் என்று நினைத்ததாலா என்பது கஸ்தூரிக்குத் தெரியாமலே போயிற்று.

மிஷன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பாடினார்கள். தருமன் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பாதிரியார் வந்து உள்ளே கூப்பிட்டதும் வந்து, ஒரு பிடி மண் போட்டார்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் அவர் மகளிடம் வந்தார். "நாளைக்குப் படைக்கணும்."

"அம்மா ஒத்துக்காதுப்பா."

"தெரியும்." அவர் உட்கார்ந்துவிட்டார். "ஆனா படைக்காம விட்டா அவளுக்கு நான் இன்னா செஞ்சவன்? பொண்டாட்டி போயிட்டா. ஒரு எல கூட போடலன்னா நான் எப்படி சோறு துன்றது, சொல்லு."

கஸ்தூரி முறத்தை எடுத்தாள்.

"அவளுக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் சமைத்தாள். முருங்கைக்கீரை, மொச்சைக்கொட்டைக் குழம்பு, அம்மாவுக்குப் பிடித்த வெல்லப் பணியாரம். இலை போட்டுப் பரிமாறினாள். அத்தை வெள்ளையம்மாளுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது, சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தருமன் இலைக்கு முன்னால் சூடத்தை வைத்தார். தீப்பெட்டியை எடுத்தார். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"கொளுத்தினா அவ துன்னமாட்டா" என்றார்.

"கொளுத்தலன்னா அவளுக்குப் போயும் சேராதேடா" என்றாள் வெள்ளையம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் கஸ்தூரி பக்கம் திரும்பினார்கள். அவள்தான் எதையாவது கண்டுபிடித்துச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தது போல இருந்தது. அவளுக்கு இருபது வயது ஆகியிருந்தது. எதுவும் தோன்றவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தருமன் சூடத்தைக் கொளுத்தவில்லை. இலையை எடுக்கவும் இல்லை. சோறு ஆறி, குழம்பு மேலே ஆடை கட்டி, ஈ மொய்க்கத் தொடங்கிய பிறகு வெள்ளையம்மாள் தடவித் தடவி வந்து இலையை மடித்துப் பசுவுக்கு வைத்தாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கீழ்பென்னாத்தூரில் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கொடுக்கிற காசி என்பவருக்குக் கஸ்தூரி வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி ஊரில் பேசவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். பெரிய குடும்பம். அவள் கைப்பக்குவத்தை எல்லாரும் மெச்சினார்கள். அறுபத்தெட்டில் தருமன் இறந்தார். அவருக்குப் படைப்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. உப்புத் தூக்கலாகக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்து, சூடம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டு, காக்கைக்கு வைத்து வந்து சாப்பிட்டாள்.

வருஷா வருஷம் அம்மா இறந்த நாளில் டவுனுக்குப் போவாள். கணவனிடம் பாத்திரம் வாங்கப் போவதாகச் சொல்லுவாள். கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்கள் மெழுகுவத்தியும் பூவும் கொண்டுவருவார்கள். அவளுக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. திருநீற்றை அங்கே நின்று பூசவும் கூசும். அவளுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை சமையல். அதை அங்கே கொண்டுபோக முடியாது. கொஞ்ச நேரம் வெறுங்கையோடு நின்றுவிட்டு, சொன்ன சொல்லுக்காக ஒரு பாத்திரம் வாங்கிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுவாள்.